தீவுகளில் கேலிக் பாட்டைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தீவுகளைப் பற்றிய பக்கம் இது?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக்கில் நீளவாக்கில் கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கின் தாய்மண் இவை. வடக்கே லூயிஸ், ஹாரிஸ். நடுவில் வடக்கு யூயிஸ்ட், பென்பெகுலா, தெற்கு யூயிஸ்ட். தெற்கே எரிஸ்கே, பாரா, வாட்டர்சே. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 26,000 பேர் வாழ்கிறார்கள்.

ஒரு தீவில் எடுபடுவது அடுத்த தீவில் எடுபடாது. லூயிஸும் ஹாரிஸும் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பகுதிகள். தெற்கு யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா மூன்றும் கத்தோலிக்கம். 19ஆம் நூற்றாண்டின் சமய எழுச்சிகளின்போது வடக்கே ஃபிடிலும் நடனமும் பழிக்கப்பட்டன, சங்கீதப் பாடல் (பைபிளின் சங்கீதங்களைச் சபையாகப் பாடுவது) ஓங்கியது. தெற்கே உழைப்புப் பாட்டும் நடன இசையும் கூடுதலாக எஞ்சின. ஒரு திட்டத்தை வரையும்போதே இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேலிக் இசை என்றால் பேக்பைப் தானே?

பையில் காற்றை நிரப்பி ஊதும் பேக்பைப் அதில் ஒரு கிளை. மையத்தில் இருப்பது பாட்டு, அதுவும் பக்கவாத்தியமில்லாத தனிக்குரல். காதல், கடலில் மூழ்கியவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், பசு கறத்தல், படகு வலித்தல் என்று எதற்கும் பாட்டு உண்டு. கம்பளித் துணியை அடித்துத் தடிப்பாக்கும்போது பெண்கள் பாடியவை லூவய் பாடல்கள். வாத்தியம் இல்லாத இடத்தில் நடனத்துக்காக வாயாலேயே பாடும் விரைவு மெட்டுகளைப் ‘புர்ஷ்ட் அ பியல்’ என்பார்கள். பேக்பைப்பின் பெரிய இசை வடிவத்தை எழுத்தில்லாமல் கற்பிக்க ‘கௌன்டெரக்’ என்ற அசைமொழி இருக்கிறது: அதில் உயிரொலி முதன்மைச் சுரத்தையும் மெய்யொலி அணிச்சுரத்தையும் குறிக்கும். நடன இசைக்கு ஃபிடிலும் அக்கார்டியனும்.

முன்பு எப்படிக் கைமாறியது? எங்கே அறுந்தது?

குளிர்கால இரவுகளில் ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். அதற்குக் கெய்லி வீடு என்று பெயர். வலை பின்னுகிறவர் பின்னுவார், நூல் நூற்கிறவர் நூற்பார். கதையும் பாட்டும் ஓடும். கற்பிக்கிறோம் என்று யாரும் கற்பிக்கவில்லை. பிள்ளைகள் கேட்டே வளர்ந்தார்கள்.

அறுந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1872இன் ஸ்காட்லாந்து கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு இடமே ஒதுக்கவில்லை. அதன்கீழ் வந்த பள்ளிகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. துணி தடிப்பாக்கும் வேலை ஆலைக்குப் போனதும் லூவய் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. மீன்பிடியும் போரும் இளைஞர்களை வெளியே இழுத்தன. கடைசியாகத் தொலைக்காட்சி கெய்லி வீட்டின் நேரத்தை எடுத்துக்கொண்டது. பாட்டு வாழ்ந்த சந்தர்ப்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆகவே சந்தர்ப்பங்களைத் திரும்ப உண்டாக்குவதே முதல் வேலை. பாட்டுகளைச் சேர்த்து வைப்பது இரண்டாம் வேலை.

ஃபேஷ் என்பது என்ன?

பிள்ளைகளுக்கான இசை வாரம். 1981இல் பாரா தீவில் முதல் ஃபேஷ் நடந்தது. தீவுப் பிள்ளைகள் தங்கள் இசையைத் தங்கள் ஊரிலேயே, கூடுமானவரை கேலிக் மொழியிலேயே கற்க வேண்டும் என்பதே நோக்கம். 1988இல் ஃபேஷென் நன் கேயல் என்ற கூட்டமைப்பு உருவானது. இன்று ஸ்காட்லாந்து முழுதும் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபேஷ்கள் உண்டு. இன்று மேடையேறும் கேலிக் இசைஞர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

சிறிய தீவில் ஒரு ஃபேஷை எப்படி நடத்துவது?

40 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள், 5 நாள் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அரைநாள் போதும். காலை 10 முதல் மாலை 4 வரை, 50 நிமிட வகுப்புகள் நான்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாட்டு வகுப்பு கட்டாயம், வாத்தியம் விருப்பம். பாட்டையும் விருப்பப் பாடமாக்கினால் பையன்கள் எல்லாரும் அக்கார்டியன் பக்கம் போய்விடுவார்கள். வாரக் கடைசியில் மெட்டுகள் இருக்கும், மொழி இருக்காது.

ஒரு வகுப்பில் எட்டுப் பேர், அதிகம் போனால் பத்துப் பேர். ஐந்து நாளில் மூன்று மெட்டு, இரண்டு பாட்டு. எட்டு மெட்டுத் திட்டம் போட்டால் எதுவும் வீடு போய்ச் சேராது.

ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டியவை: மண்டபம், ஆசிரியர்களுக்குத் தங்குமிடம், பிள்ளைகளோடு பணிபுரிகிற எல்லாருக்கும் பிவிஜி சான்று (அவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் சான்று). ஸ்காட்லாந்தில் இது சட்டப்படி கட்டாயம், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. கால்பங்கு, அரை, முக்கால் அளவு ஃபிடில்களை இரவல் வாங்கி வையுங்கள். முழு அளவு ஃபிடிலைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் இடக்கை மணிக்கட்டு மடங்கிவிடும், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு செட் கம்பி கூடுதலாக இருக்கட்டும். தீவில் கம்பி விற்கும் கடையைத் தேடிப் போக முடியாது.

பேக்பைப் கற்க வருகிற பிள்ளைக்கு முதல் ஆண்டு பையில்லாத பயிற்சிக் குழல் மட்டுமே. துளைகளை விரல் நுனியால் அல்ல, விரலின் நடுப்பகுதியால் தட்டையாக மூட வேண்டும். அது எட்டாத கைக்குச் சிறு அளவுக் குழல் கிடைக்கும்.

கப்பல் வராவிட்டால்?

வராது என்று எண்ணியே திட்டமிடுங்கள். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் உள்ள ஓபன் துறைமுகத்திலிருந்து பாராவின் காசில்பேவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காற்று மிகுந்தால் பயணம் ரத்து. பாராவின் விமானம் கடற்கரை மணலில் இறங்குவது, நேரத்தை அலை ஏற்ற இறக்கம் தீர்மானிக்கும். வெளி ஆசிரியர்கள் ஒருநாள் முன்னதாக வந்துவிட வேண்டும். ஆறு ஆசிரியரில் மூவராவது அந்தத் தீவிலோ பாலத்தால் இணைந்த பக்கத் தீவிலோ வாழ்கிறவர்களாக இருக்கட்டும். வாட்டர்சே 1991லும் எரிஸ்கே 2001லும் தரைப்பாலம் பெற்றன. அதனால் அங்குள்ள பிள்ளைகள் மாலை வகுப்புக்கும் வர முடிகிறது. எரிஸ்கேக்கும் பாராவுக்கும் நடுவே இன்னும் படகுதான்.

பிள்ளைகளுக்கு ஏன் சுரம் எழுதிய தாளைக் கொடுப்பதில்லை?

தாள் மெட்டின் எலும்பை மட்டும் தருகிறது. ஸ்ட்ராத்ஸ்பே நடன மெட்டில் ‘குறுகிய சுரம், பின் நீண்ட சுரம்’ என்று வெட்டி வரும் தாளம் உண்டு. தாளில் அது ஒரு பதினாறிலொரு பங்குச் சுரமும் புள்ளியிட்ட எட்டிலொரு பங்குச் சுரமுமாக, அதாவது ஒன்றுக்கு மூன்று என்ற நீளத்தில் இருக்கும். அந்தக் கணக்கின்படி வாசித்தால் விறைத்துப்போகும். உண்மையில் எவ்வளவு குறுக்குவது என்பது ஊருக்கு ஊர், நடனத்துக்கு நடனம் மாறும். காதால் கற்ற பிள்ளைக்கு அது தானாக வரும். முறை எளிது: ஆசிரியர் இரண்டு இரண்டு அடியாக வாசிப்பார், பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள், நான்கு முறை, பிறகு அடுத்த இரண்டடி, பிறகு முழுப் பகுதி. வாரக் கடைசியில் தாளையும் ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுங்கள், மறதிக்கு மருந்தாக.

மொழி தெரியாத பிள்ளைக்குப் பாட்டை மட்டும் கற்பிக்க முடியாதா?

கற்பிக்கலாம். ஆனால் பாட்டின் தாளம் மொழியிலிருந்து வருகிறது. தமிழ்போலவே கேலிக்கிலும் குறில் நெடில் வேறுபாடு உண்டு. ‘பட்ட’ என்று குறுக்கினால் கோல், ‘பாட்ட’ என்று நீட்டினால் படகு. மொழி தெரியாத வாய், மெட்டில் இடம் இருக்கிறதே என்று குறிலை நீட்டிவிடும். சொல்லின் முதல் அசையில் விழவேண்டிய அழுத்தத்தைக் கடைசியில் போட்டுவிடும். கேட்கிற மூத்தவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. மரபுப் பாடகர் ஒவ்வொரு சரணத்திலும் மெட்டைச் சற்று மாற்றுவார், அங்கே வருகிற சொல்லின் நீளத்துக்குத் தக்கபடி. மொழி புரியாதவர் முதல் சரணத்தின் மெட்டையே பத்துச் சரணத்துக்கும் ஒட்டவைப்பார். குறைந்தபட்சம் பாடும் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும், அழுத்தம் எங்கே என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் ‘உட்கார்’, ‘இன்னொரு முறை’, ‘நன்று’ போன்றவற்றைக் கேலிக்கிலேயே சொல்லுங்கள். ஒரு வாரத்தில் இருபது சொல் நின்றுவிடும்.

மொழியின் நிலை இன்று எப்படி?

கவலைக்கிடம். 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுதும் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் 69,701 பேர், 2011இல் 57,375. கூட்டுத்தொகை ஏறியது நகரங்களில் கற்கிறவர்களால். மொழியின் தாய்மண்ணான வெளி ஹெப்ரிடீஸில் பேசத் தெரிந்தவர்களின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக இறங்கியது. 2020இல் வெளியான ஆய்வொன்று, போக்கு இப்படியே நீடித்தால் தீவுகளில் அன்றாடப் பேச்சுமொழியாகக் கேலிக் பத்தாண்டுக்குள் நின்றுபோகலாம் என்று எச்சரித்தது. 2025இல் நிறைவேறிய சட்டம் அதற்கு அரசுமொழித் தகுதி கொடுத்திருக்கிறது. வரவேற்கவேண்டியதுதான்; அடுப்படியில் பேசப்படுகிறதா என்பதைச் சட்டம் தீர்மானிக்காது.

பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு பாட்டை எப்படிக் கற்பது?

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951இல் தொடங்கியது. அங்கிருந்து போன சேகரிப்பாளர்கள் தீவு தீவாகப் பதிந்தார்கள். முதலாமவர் ராசே தீவுக்காரரான கேலம் மக்லீன். அதற்கும் முன்பே ஜான் லோர்ன் கேம்பலும் மார்கரெட் ஃபே ஷாவும் தெற்கு யூயிஸ்டிலும் பாராவிலும் சேகரித்தவை கான்னா தீவில் இருக்கின்றன. இவற்றின் பெரும்பகுதி 2010 முதல் ‘டோபர் அன் டூவல்ஹஷ்’ என்ற இணையதளத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கிறது. பாடகர் பெயர், ஊர், பாட்டின் வகை எதைக் கொண்டும் தேடலாம்.

உங்கள் தீவின் பாடகரையே தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு நாள் பாடாதீர்கள், கேளுங்கள். பிறகு சொற்களை எழுதி, மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். டேப் இரைச்சலில் தவறாகக் கேட்ட ஒரு சொல் அப்படியே பத்துப் பேருக்குப் பரவிவிடும். நெடில்களைக் குறியுங்கள். பல்லவியை முதலில், சரணங்களை ஒவ்வொன்றாக.

பதிவின் சுருதியை அப்படியே பிடிக்க வேண்டியதில்லை. பழைய டேப்புகளின் ஓட்டவேகம் பிசகியிருக்கும், பாடகரும் அன்றைக்கு வாய்த்த சுருதியில் பாடியிருப்பார். ஆனால் சுரங்களுக்கு இடையிலான தூரத்தை மாற்றாதீர்கள். மூத்த பாடகர்களின் ஏழாம் சுரம் பல சமயம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அதைப் பிழையென்று எண்ணித் திருத்துவதும், கித்தார் கார்டு போட்டு மூடுவதும் பாட்டின் முகத்தையே மாற்றிவிடும். 1909இல் அச்சான மார்ஜரி கென்னடி-ஃப்ரேசரின் தொகுப்பு எரிஸ்கேப் பாடல்களைப் பியானோ வரவேற்பறைக்கு ஏற்றபடி மாற்றி உலகெங்கும் கொண்டுபோனது. பெயர் பரவியது, பாட்டு வேறாகிவிட்டது.

பாடியவர் பெயரையும் ஊரையும் மேடையில் சொல்லிவிட்டுத்தான் பாட வேண்டும். வணிகப் பதிவாக வெளியிட வேண்டுமானால் உரிமையாளரிடமும் பாடகரின் குடும்பத்திடமும் அனுமதி வாங்க வேண்டும்.

உயிரோடிருக்கும் மூத்தவரின் பாட்டை எப்படிப் பதிவது?

முதல் சந்திப்பில் கருவியை வெளியே எடுக்காதீர்கள். தேநீர் குடித்து, யார் பிள்ளை, எந்த ஊர் என்பதெல்லாம் பேசி முடியட்டும்.

இரண்டாம் முறை போகும்போது: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். எம்பி3இல் பதியாதீர்கள், அதில் இழந்ததை மீட்க வழியில்லை. மைக் வாயிலிருந்து 40 செமீ தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்; பல்லவியில் குரல் திடீரென்று ஏறும். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, திரும்பப் போடும் நினைவுக்காகக் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சுவர்க்கடிகாரம் இருந்தால் அடுத்த அறைக்கு. காற்று மோதும் சன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரம் உட்காருங்கள். ஹெப்ரிடீஸ் காற்று சன்னலை ஆட்டாத நாள் குறைவு.

தொடக்கத்திலேயே நாள், இடம், பெயர், கேட்பவர் யார் என்று குரலில் பதியுங்கள். தாள் தொலையும், கோப்பின் உள்ளே இருப்பது தொலையாது. பாட்டு முடிந்ததும் ‘யாரிடம் கற்றீர்கள், எங்கே, எப்போது பாடுவார்கள்’ என்று கேளுங்கள். பல சமயம் அந்தப் பத்து நிமிடமே பாட்டைவிட அரியது. பாதி மறந்த பாட்டையும் பதியுங்கள்; மீதி பாதி வேறொரு கிராமத்தில் கிடைக்கும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று தீவுக்கு வெளியே. ஒரு பிரதி ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போகட்டும். இத்தகைய சங்கங்களுக்கு 1977இல் லூயிஸின் வடமுனையான நெஸ்ஸில் தொடங்கியதே முன்னோடி. குடும்பத்துக்கும் ஒரு பிரதி, கேட்காமலே கொடுங்கள். எழுத்து மூலமான ஒப்புதலில் இணையத்தில் ஏற்றலாமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

லூவய் பாட்டைத் துணியில்லாமல் பாடினால் என்ன?

பாடலாம், ஆனால் கற்பிக்கும்போது துணி வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் கெட்டிக் கம்பளித் துணியை எடுத்து, இரு முனையையும் தைத்து வளையமாக்குங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். அந்தக் காலத்தில் சாயம் நிற்கவும் எண்ணெய்ப் பசை போகவும் புளித்த சிறுநீரில் நனைப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அன்றைய வகுப்பை மறக்கவே மாட்டார்கள். நீளமான உறுதியான மேசை, பக்கத்துக்கு நாலைந்து பேர். ஆடுகிற மேசையில் தாளம் உடையும். மடக்கு மேசை கூடவே கூடாது.

துணியைத் தன் முன் அறைந்து, இழுத்து, பக்கத்தவருக்கு நகர்த்துவது ஒரு சுற்று. துணி கடிகாரச் சுற்றில்தான் போக வேண்டும். தலைவி ஒரு வரி பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளாலான பல்லவியை எடுப்பார்கள். அந்த அசைகள் இஷ்டத்துக்குப் போடுபவை அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் உரியவை, மாறாதவை. தாளத்தின் வேகத்தைத் தலைவி அல்ல, துணியின் கனம் தீர்மானிக்க வேண்டும். துணியில்லாமல் கற்ற குழுக்கள் போகப்போக ஓடத் தொடங்குவது இதனால்தான். மெதுவான பாட்டில் தொடங்கி, விரைவானவற்றுக்குப் போய், துணியை மடித்துத் தட்டும் கைத்தட்டுப் பாட்டில் முடியுங்கள். எவ்வளவு சுருங்கியது என்று நடுவிரலால் அளப்பார்கள். போதாவிட்டால் இன்னொரு பாட்டு. ஒரே அமர்வில் ஒரு பாட்டை இரண்டு முறை பாடுவதில்லை என்பது வழக்கம், ஆகவே தலைவிக்கு நிறையப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும்.

பேக்பைப்பும் ஃபிடிலும் சேர்ந்து வாசித்தால் ஏன் ஒத்துப்போவதில்லை?

பெரிய பேக்பைப்பின் ஏ சுரம் 470 முதல் 480 ஹெர்ட்ஸ் வாக்கில் நிற்கும். மற்ற வாத்தியங்களுக்கு 440. அரைச்சுரத்துக்கும் மேல் வித்தியாசம். ஃபிடில் கம்பியை அவ்வளவு ஏற்றினால் அறக்கூடும். ஏ சுருதியில் செய்த சிறு பைப்பைப் பயன்படுத்துங்கள், அறைக்குள் சத்தமும் அளவாக இருக்கும். ஈரக்காற்றில் ஃபிடிலின் முறுக்காணி உப்பி இறுகும். ஹீட்டர் போட்ட மண்டபத்தில் உலர்ந்து வழுக்கும். மண்டபத்தை வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே சூடாக்கி, வாத்தியங்களைப் பெட்டியிலேயே அரைமணி வைத்து, பிறகு சுருதி சேருங்கள்.

லூயிஸின் சங்கீதப் பாடலை விழாவில் வைக்கலாமா?

அது வழிபாடு. முன்பாடகர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் ஒவ்வொருவரும் தத்தம் அலங்காரத்தோடு அதை ஏந்தி வருவார்கள்; வாத்தியம் கிடையாது. கேட்க விரும்புகிறவர் தேவாலயத்துக்குப் போகலாம், வரவேற்பார்கள். சபையைக் கேட்காமல் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை லூயிஸிலும் ஹாரிஸிலும் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். லூயிஸின் துறைமுகமான ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான், அதுவும் பெரும் எதிர்ப்புக்கு நடுவில்.

மோட் போட்டிகள் உதவுகின்றனவா?

1892இல் ஓபனில் தொடங்கிய மோட் என்ற கேலிக் கலைப் போட்டி விழா, கேலிக் பாட்டுக்கு மதிப்பையும் பிள்ளைகளுக்கு ஒரு இலக்கையும் தருகிறது. குறித்த பாட்டை எல்லாரும் ஒரே மாதிரி பாடும் பழக்கத்தையும் அது வளர்த்துவிடலாம். போட்டிப் பாட்டோடு, தன் ஊர்ப் பாட்டொன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் கற்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

நடனமும் இசையும் கனடாவிலிருந்து திரும்பி வந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தீவுகளிலிருந்து கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் குடியேறியவர்கள், காலடித் தட்டு நடனத்தையும் அதற்கேற்ற ஃபிடில் வாசிப்பையும் அங்கே தொடர்ந்தார்கள். 1996இல் தெற்கு யூயிஸ்டில் தொடங்கிய கியோலஸ் கோடைப்பள்ளி, கேப் பிரெட்டன் கலைஞர்களை அழைத்துவந்து பாட்டு, நடனம், பைப், ஃபிடில் நான்கையும் ஒன்றாகக் கற்பித்தது. நடனக்காரரின் காலைப் பார்த்து வாசிக்கிற ஃபிடில்காரருக்கு வேகம் தவறுவதில்லை.

ஃபேஷ் முடிந்தபின் என்ன செய்வது?

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஜூலையில் ஒரு வாரம் கற்றது, தொடர்ச்சி இல்லாவிட்டால் அக்டோபருக்குள் போய்விடும். அக்டோபர் முதல் மார்ச் வரை வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு வையுங்கள், பள்ளிப் பேருந்து நேரத்தோடு ஒட்டி. தனி வண்டி கேட்டால் தொலைவிலுள்ள பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மெட்டு போதும். மாதம் ஒருமுறை வகுப்பை முதியோர் இல்லத்தில் நடத்துங்கள்: பிள்ளைகள் இரண்டு பாட்டு, அங்குள்ளவர்கள் இரண்டு பாட்டு.

ஆசிரியருக்கு ஆண்டு முழுதும் ஊதியமும் வாடகைக்கு வீடும் வேண்டும். கோடை விடுமுறை வாடகைக்கு வீடுகள் போய்விடுவதால், தீவிலேயே பிறந்து இசைப் படிப்பு முடித்த இளைஞர்கூடத் திரும்ப இடமில்லாமல் கிளாஸ்கோவில் தங்கிவிடுகிறார். மானிய விண்ணப்பத்தில் வாத்தியம், மேடை, ஒலிபெருக்கி என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டையும் எழுதுங்கள். தெற்கு யூயிஸ்டைப்போல நிலம் ஊராரின் கையில் உள்ள தீவானால் (அங்கே 2006இல் மக்களே எஸ்டேட்டை வாங்கினார்கள்), வீட்டு மனைக்கு நில நிறுவனத்தையும் கேளுங்கள்.